ஜர்னலுக்கு அனுப்பும் முன்: கணக்கியல் ஆய்வாளர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும்

மும்பையிலும் தானே, நவி மும்பைப் பக்கங்களிலும் காமர்ஸ் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்கள், பிஎச்.டி. செய்கிறவர்கள், சி.ஏ. முடித்துவிட்டு ஆய்வுக்கு வந்தவர்கள் எனப் பல வாசகர்கள் ஒரே விஷயத்தைச் சுற்றியே கேட்டிருக்கிறார்கள். கணக்கியல் ஆய்விதழுக்குக் கட்டுரையை எப்படித் தயார் செய்வது? கணக்கியல் ஆய்விலும் கட்டுரை மதிப்பீட்டிலும் ஈடுபட்டிருக்கும் எங்கள் குழுவின் பதில்கள் இவை.

என் கட்டுரை ஆறே நாளில் திரும்பிவிட்டது. ரிவ்யூவர் கைக்கே போகவில்லை. "எங்கள் வழிகாட்டுதலின்படி இல்லை" என்று ஒரு வரிதான் பதில். எங்கிருந்து தொடங்கிச் சரிசெய்வது?
— கல்லூரி ஆசிரியை, செம்பூர்

அந்த ஜர்னலின் வழிகாட்டுதல் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டு, பேனாவால் ஒவ்வொரு வரியாக டிக் போடுங்கள். திரையில் படித்தால் கண் தாவிப் போய்விடும். ஒரே ஃபைலை மூன்று ஜர்னலுக்கு அனுப்பிப் பார்க்க முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு பதிப்பகமும் கேட்பது வேறு. 1926 முதல் வரும் 'தி அக்கவுண்டிங் ரிவ்யூ'வை வெளியிடும் அமெரிக்கன் அக்கவுண்டிங் அசோசியேஷன், சிகாகோ முறையில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் கொண்ட மேற்கோளைக் கேட்கிறது. எமரால்ட் ஜர்னல்களில் சுருக்கத்தையே நோக்கம், முறை, முடிவுகள், புதுமை என்று துணைத்தலைப்புகளாகப் பிரித்து 250 சொல்லுக்குள் எழுத வேண்டும். எல்சிவியரின் பல ஜர்னல்கள் 'ஹைலைட்ஸ்' கேட்கும். மூன்று முதல் ஐந்து வரி, ஒவ்வொன்றும் இடைவெளி உட்பட 85 எழுத்துக்குள் இருக்க வேண்டும். அதே எல்சிவியரில் முதல் முறை அனுப்பும்போது எந்த வடிவத்தில் இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும் ஜர்னல்களும் உண்டு. அங்கே மேற்கோள் வடிவத்தை மாற்றுவதில் ஒரு வாரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

பெரும்பாலான கணக்கியல் ஜர்னல்களுக்குப் பொருந்தும் வரிசை இது. தலைப்புப் பக்கம் தனி ஃபைல். ஆசிரியர் பெயர், கல்லூரி, நன்றி, நிதி உதவி எல்லாம் அதில் மட்டுமே. முதன்மை ஃபைலில் தலைப்பு, சுருக்கம், குறிச்சொற்கள், ஜேஇஎல் குறியீடு (பொருளியல் சார்ந்த ஆய்வுகளைத் துறைவாரியாகப் பிரிக்கும் குறியீடு). கணக்கியலுக்கு எம்41, தணிக்கைக்கு எம்42, அரசுக் கொள்கை, ஒழுங்குமுறை பற்றியது என்றால் எம்48. அடுத்து கட்டுரை உடல், மாறிகளின் வரையறையைத் தரும் பின்னிணைப்பு, மேற்கோள் பட்டியல், கடைசியில் படங்களும் அட்டவணைகளும், பக்கத்துக்கு ஒன்றாக. உடல்பகுதியில் அந்தந்த இடத்தில் "அட்டவணை 3 இங்கே" என்று குறித்தால் போதும். எழுத்து 12 புள்ளி, இரட்டை இடைவெளி, நாலு பக்கமும் 2.54 செ.மீ. ஓரம், பக்க எண். நம் ஊரில் ஏ4, அமெரிக்காவில் லெட்டர் தாள். லெட்டர் தாள் ஏ4-ஐவிட 1.76 செ.மீ. உயரம் குறைவு. ஏ4-இல் அளவாக அடங்கிய அட்டவணையின் கடைசி இரண்டு வரி அங்கே அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "வழிகாட்டுதல்படி இல்லை" என்பது பல நேரம் மென்மையாகச் சொன்ன மறுப்பு. எடிட்டர் முதலில் படிப்பது சுருக்கத்தையும் முன்னுரையின் முதல் இரண்டு பக்கத்தையும்தான். கேள்வி என்ன, அதற்கு ஏன் இன்னும் பதில் இல்லை, எந்தத் தரவை வைத்துப் பார்த்தீர்கள், என்ன கிடைத்தது, அது எவ்வளவு பெரிது என்ற ஐந்தும் அந்த இரண்டு பக்கத்துக்குள் வந்தாக வேண்டும். "எவ்வளவு பெரிது" என்பதைத்தான் நம்மவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். "குறிப்பிடத்தக்க தொடர்பு இருக்கிறது" என்றால் போதாது. இந்த மாறி ஒரு திட்டவிலக்கம் கூடினால் அந்த மாறி அதன் சராசரியில் எத்தனை விழுக்காடு மாறுகிறது என்று எண்ணாக எழுதுங்கள்.

"அட்டவணைக்கு அட்டவணை மாதிரி (சாம்பிள்) எண்ணிக்கை மாறுகிறது, விளக்கம் இல்லை" என்று ரிவ்யூவர் எழுதியிருக்கிறார். தரவு, இந்திய நிறுவனங்களின் நிதித் தரவுத்தளமான ப்ரோவெஸ்ஸிலிருந்து எடுத்தது. நான் எதையும் மறைக்கவில்லை. எப்படிப் பதில் சொல்வது?
— பிஎச்.டி. மாணவர், கலினா

கணக்கியல் கட்டுரையில் எங்களுக்கு மிக முக்கியமாகத் தோன்றும் இடம் இதுதான். ரிவ்யூவரும் ஒரு ஆடிட்டர் மாதிரிதான். லெட்ஜரில் உள்ள தொகைக்கு வவுச்சர் வேண்டும். கட்டுரையில் உள்ள ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று அவர் பின்னோக்கிப் போய்ப் பார்க்க முடிய வேண்டும்.

அட்டவணை 1 மாதிரித் தேர்வுக்கென்றே இருக்கட்டும். கற்பனை எண்களை வைத்துக் காட்டுகிறோம். ப்ரோவெஸ்ஸிலிருந்து இறக்கிய மொத்தம் 6,400 நிறுவன-ஆண்டுகள் (ஒரு நிறுவனத்தின் ஒரு ஆண்டுத் தரவு ஒரு நிறுவன-ஆண்டு). வங்கி, நிதி நிறுவனங்கள் கழித்தது 1,150, மீதி 5,250. முந்தைய ஆண்டின் மொத்தச் சொத்து இல்லாதவை 730, மீதி 4,520. ஒரு தொழில்துறையில் ஒரு ஆண்டுக்குப் பத்துக்கும் குறைவான நிறுவனங்கள் இருந்ததால் நீக்கியவை 210, மீதி 4,310. ஒவ்வொரு வரியிலும் நிறுவன-ஆண்டு எண்ணிக்கையோடு நிறுவன எண்ணிக்கையையும் பக்கத்தில் தாருங்கள். ஏன் கழித்தீர்கள் என்ற காரணமும் அந்த வரியிலேயே தெரிய வேண்டும். நிதி நிறுவனங்களின் அக்ரூவல் (லாபத்துக்கும் ரொக்க வரவுக்கும் உள்ள வித்தியாசம்) அமைப்பே வேறு. இயல்பான அக்ரூவலைக் கணிக்கும் ஜோன்ஸ் மாடலைத் தொழில்துறை, ஆண்டு வாரியாக மதிப்பிடும்போது ஐந்தாறு நிறுவனங்களை வைத்து மூன்று குணகங்களைக் கணக்கிட்டால் வரும் மீதியை நம்ப முடியாது.

அப்புறமும் விளக்கப் புள்ளிவிவர அட்டவணையில் 4,310, ரிக்ரஷனில் 4,287 என்று நிற்கும். அந்த 23 எங்கே போனது? ஸ்டாட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் 'ரெக்-எச்டிஎஃப்இ' கட்டளையைப் பயன்படுத்தியிருந்தால் விடை பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது. நிறுவன நிலை விளைவு (ஒவ்வொரு நிறுவனத்தின் மாறாத தனித்தன்மையைக் கணக்கில் கொள்வது) சேர்க்கும்போது ஒரே ஒரு ஆண்டு மட்டும் உள்ள நிறுவனங்களை அது தானாகவே நீக்கிவிடும். 'ஏ-ரெக்' கட்டளை அப்படி நீக்காது. அதனால் ஒரே தரவில் இரண்டு கட்டளைக்கு இரண்டு எண்ணிக்கை வரும். இது தவறே இல்லை, ஆனால் அட்டவணையின் அடியில் ஒரு வரி எழுதாவிட்டால் தவறு மாதிரித் தெரியும். மற்ற காரணங்கள்: ஒரு கட்டுப்பாட்டு மாறி மட்டும் சில ஆண்டுகளுக்குக் காலியாக இருப்பது, முந்தைய ஆண்டு மதிப்பை எடுக்கும்போது முதல் ஆண்டு விழுந்துவிடுவது.

இந்தியத் தரவில் அடிக்கடி இடறுகிற மூன்று இடங்களையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்று, 2013 கம்பெனிச் சட்டம், சில விலக்குகள் தவிர, எல்லா நிறுவனங்களின் நிதியாண்டும் மார்ச் 31-இல் முடிய வேண்டும் என்றது. வேறு மாதத்தில் முடித்துக்கொண்டிருந்த நிறுவனங்கள் மாறிய ஆண்டில் 9 மாதக் கணக்கும் 15 மாதக் கணக்கும் இருக்கும். அவற்றை 12 மாதக் கணக்கோடு அப்படியே சேர்த்தால் விற்பனை வளர்ச்சி தாறுமாறாகும். இரண்டு, இந்திய கணக்கியல் தரநிலைகள், அதாவது இண்ட் ஏஎஸ், 2016 ஏப்ரல் 1 முதல் நிகர மதிப்பு 500 கோடியோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்கு வந்தன. அந்த நிறுவனங்களின் 2015–16 கணக்கு இரண்டு விதமாக இருக்கிறது. அந்த ஆண்டு அறிக்கையில் பழைய முறை, அடுத்த ஆண்டு அறிக்கையின் ஒப்பீட்டு நெடுவரிசையில் புதிய முறை. நீங்கள் எடுத்தது எது என்று எழுதுங்கள். மூன்று, வேறொரு மூலத்தோடு இணைக்கும்போது நிறுவனப் பெயரை வைத்து இணைக்காதீர்கள். பெயர் மாறியிருக்கும், 'லிமிடெட்' என்பது 'லி.' ஆகியிருக்கும். ப்ரோவெஸ்ஸின் நிறுவனக் குறியீடு, பிஎஸ்இ-யின் ஆறு இலக்க எண், 12 இடங்கள் கொண்ட ஐஎஸ்ஐஎன் என்ற பங்கு அடையாள எண் இவற்றில் ஒன்றை வைத்து இணையுங்கள்.

ரிவ்யூவருக்கான பதில் இரண்டே வாக்கியம். "மாதிரித் தேர்வைப் புதிய அட்டவணை 1-இல் படிப்படியாகக் கொடுத்திருக்கிறோம். அட்டவணை 2-க்கும் 4-க்கும் இடையிலான 23 நிறுவன-ஆண்டு வித்தியாசத்தின் காரணத்தை அட்டவணை 4-இன் குறிப்பில் சேர்த்திருக்கிறோம்." மன்னிப்பும் வேண்டாம், வாதமும் வேண்டாம்.

ஜர்னல் இணையதளத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் கட்டாயம் என்கிறது. எனக்கு இனிஷியலும் பெயரும்தான். எதை எங்கே போடுவது?
— ஆய்வு மாணவி, வாஷி

தமிழர்கள் பலருக்கும் இந்தச் சிக்கல் வருகிறது. இதைச் சாதாரணமாக விடாதீர்கள், பிற்காலத்தில் உங்கள் கட்டுரையைத் தேடுகிறவர்கள் உங்களைக் கண்டுபிடிப்பது இதைப் பொறுத்தது. 'கு. செல்வி' என்று வைத்துக்கொள்வோம். முதல் பெயரில் 'கு', கடைசிப் பெயரில் 'செல்வி' என்று கொடுத்தால் மேற்கோளில் "செல்வி, கு." என்று வரும். தலைகீழாகக் கொடுத்தால் "கு, செ." என்று வந்து யாருக்கும் அடையாளம் தெரியாது. அப்பா பெயரை விரித்துக் கடைசிப் பெயராகப் போட்டால் உலகம் உங்களை அப்பா பெயரால் மேற்கோள் காட்டும். அது உங்களுக்குச் சம்மதமா என்று இப்போதே யோசியுங்கள். மகாராஷ்டிரக் கல்லூரிப் பதிவுகளில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர், தந்தை பெயர் என்ற வரிசை பழக்கம் என்பதால் உங்கள் பெயர் அங்கே ஏற்கெனவே வேறு மாதிரி ஏறியிருக்கும். எங்கள் யோசனை: சொந்தப் பெயரைக் கடைசிப் பெயராக வைத்து, 16 இலக்க ஆர்கிட் எண் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) வாங்கி, எல்லாக் கட்டுரையிலும் எழுத்து மாறாமல் அதையே தாருங்கள். ஒரு கட்டுரையில் ஒரு விதம், இன்னொன்றில் வேறு விதம் என்றால் ஸ்கோப்பஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் நீங்கள் இரண்டு பேராகப் பிரிந்துவிடுவீர்கள்.

தொகைகளைக் கோடியில் தரலாமா? கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, கட்டாய ஆடிட்டர் மாற்றம் இதெல்லாம் வெளிநாட்டு ரிவ்யூவருக்குத் தெரியுமா?
— பட்டயக் கணக்காளர், முலுண்ட்

பன்னாட்டு ஜர்னல் என்றால் மில்லியனுக்கு மாற்றிவிடுங்கள். ஒரு கோடி பத்து மில்லியன். காற்புள்ளியும் மாற வேண்டும். 12,34,567 என்று அச்சாகியிருந்தால் வெளியூர்க்காரர் அதை அச்சுப்பிழை என்றே நினைப்பார். எக்செல் உங்கள் கணினியின் இந்திய அமைப்பை எடுத்துக்கொண்டு அப்படிப் போடும். அட்டவணையை வேர்டுக்குக் கொண்டுவரும் முன் அமைப்பை மாற்றுங்கள்.

அலகில் இன்னும் ஆழமான ஆபத்து ஒன்று உண்டு. சொத்தை மட்டும் கோடியிலிருந்து மில்லியனுக்கு மாற்றி லாக் எடுத்தால் எல்லா நிறுவனத்துக்கும் ஒரே அளவாக 2.303 கூடும். குணகம் மாறாது, நிலையெண் மட்டும் மாறும், அதனால் தப்பித்துவிடுவீர்கள். ஆனால் சந்தை மதிப்பு கோடியிலும் புத்தக மதிப்பு மில்லியனிலும் இருந்து இரண்டையும் வகுத்தால் விகிதம் பத்து மடங்கு தவறும். ரிக்ரஷன் இதைக் காட்டிக்கொடுக்காது, முடிவு குறிப்பிடத்தக்கது என்று காட்டும் நட்சத்திரக் குறிகூட அப்படியே இருக்கும். விளக்கப் புள்ளிவிவரத்தில் சராசரியைப் பார்த்தால்தான் பிடிபடும். எனவே முதலில் அந்த அட்டவணையின் ஒவ்வொரு சராசரியும் நம்பும்படி இருக்கிறதா என்று நிதானமாகப் பாருங்கள். 0.000 என்று அச்சாகும் குணகம் இருந்தாலும் அலகை மாற்றுங்கள், மூன்று தசம இடத்தில் ஏதாவது தெரிய வேண்டும்.

சட்டப் பின்னணிக்குத் தனிப் பகுதி, ஒன்றிரண்டு பக்கம் போதும். 135-ஆம் பிரிவு என்றால் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி இவற்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். ஆடிட்டர் மாற்றத்தில், பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு ஆடிட் நிறுவனம் என்றால் ஐந்தாண்டு கொண்ட இரண்டு தவணை, தனிநபர் என்றால் ஒரு தவணை. பிரிவு எண்ணைவிட உங்கள் ஆய்வு வடிவத்துக்கு அந்தச் சட்டம் எப்படி உதவுகிறது என்பதே ரிவ்யூவருக்கு வேண்டும். 2016–17 என்று எழுதுமிடத்தில் "2017 மார்ச்சில் முடிந்த ஆண்டு" என்று முதல் முறையாவது விளக்குங்கள்.

பெயர் தெரியாமல் அனுப்புவது என்றால் முதல் பக்கத்தை எடுத்துவிட்டால் போதாதா?
— உதவிப் பேராசிரியர், டோம்பிவிலி

போதாது. வேர்ட் ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் உங்கள் பெயர் இருக்கும், அதிலிருந்து பிடிஎஃப் எடுத்தால் அதற்கும் போகும். ஃபைல், இன்ஃபோ, செக் ஃபார் இஷ்யூஸ், இன்ஸ்பெக்ட் டாகுமென்ட் என்று போய் நீக்குங்கள். ஒரு நகலில் செய்யுங்கள். அங்கே 'ஹெடர், ஃபுட்டர்' வரியிலும் நீக்கு என்று அழுத்தினால் பக்க எண்ணும் சேர்ந்து போய்விடும். ட்ராக் சேஞ்சஸ் முழுவதையும் ஏற்றுக்கொண்டு, கமெண்ட்டுகளை அழித்துவிடுங்கள். "எங்கள் முந்தைய கட்டுரையில் காட்டியபடி" என்பதை மூன்றாம் நபரில் எழுதுங்கள். கணக்கெடுப்புக் கட்டுரை என்றால் பின்னிணைப்பில் வைக்கும் வினாப்படிவத்தில் கல்லூரி லோகோ இருக்கும். அதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஸ்டாட்டா வரைபடத்தின் கீழே ஃபைல் இருக்கும் முகவரியும், அதில் உங்கள் பெயரும் அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மேற்கோள் பட்டியலை கூகுள் ஸ்காலரில் இருந்து அப்படியே எடுக்கலாமா?
— மாட்டுங்கா வாசகர்

தொடக்கத்துக்கு எடுக்கலாம், அப்படியே விட முடியாது. இதழ் எண் விடுபட்டிருக்கும், வொர்க்கிங் பேப்பராக இருந்த ஆண்டு நிற்கும், ஜர்னல் பெயரின் எழுத்து வடிவம் மாறியிருக்கும். கட்டுரையின் முதல் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். முடிவில் உடலில் உள்ள ஒவ்வொரு பெயரும் ஆண்டும் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் உடலில் வருகிறதா என்று இரண்டு திசையிலும் சரிபாருங்கள். ஏஐ கருவி கொடுத்த மேற்கோளை நேரில் பார்க்காமல் சேர்க்கவே கூடாது, இல்லாத கட்டுரையை அது உண்டாக்கித் தரும். ஆங்கிலத்தைத் திருத்த அதைப் பயன்படுத்தியிருந்தால் ஜர்னல் கேட்கும் இடத்தில் அதைச் சொல்லிவிடுங்கள்.

என் கட்டுரை பிற எழுத்துகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் ஒப்புமை அறிக்கையில் 9 விழுக்காடு. பிரச்சினை இல்லைதானே?
— முதுகலை ஆசிரியை, தானே

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறையில் 10 விழுக்காடு வரை தண்டனை இல்லாத நிலை. மேற்கோள் பட்டியல், குறியிட்டு எடுத்தாண்ட பகுதி, சட்ட வாசகம், சமன்பாடு இவை கணக்கில் வராது. ஆனால் எடிட்டர் மொத்தத்தைவிட எங்கே குவிந்திருக்கிறது என்றுதான் பார்ப்பார். ஒன்பதில் ஏழு ஒரே கட்டுரையிலிருந்து, அதுவும் கருதுகோள் பகுதியில் என்றால் அது சிக்கல். உங்கள் ஆய்வேடு, இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் இருந்தால் அதுவும் பொருந்தி வரும். முகப்புக் கடிதத்தில் முன்கூட்டியே தெரிவியுங்கள். கல்லூரி நூலகத்தில் வரைவைச் சோதிக்கும்போது களஞ்சியத்தில் சேமிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சேமித்துவிட்டால், அதே மென்பொருளில் அடுத்த முறை சோதிக்கையில் உங்கள் வரைவோடு உங்கள் கட்டுரையே முழுக்கப் பொருந்தும்.

"யுஜிசி கேர் பட்டியலில் உள்ள ஜர்னல், பத்து நாளில் வெளியீடு" என்று வாட்ஸ்அப்பில் வந்தது. பணமும் கேட்கிறார்கள்.
— ஆய்வு மாணவர், போரிவலி

அனுப்பாதீர்கள். ஏற்கத்தக்க ஜர்னல்களைக் காட்டிய யுஜிசி கேர் பட்டியலே 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது. பணம் கேட்பது மட்டுமே அடையாளம் ஆகாது. முன்னணிக் கணக்கியல் ஜர்னல்கள் சிலவும் மதிப்பீட்டுக்கு முன்பே சமர்ப்பிப்புக் கட்டணம் வாங்குகின்றன, மறுத்தாலும் திருப்பித் தருவதில்லை. ஆனால் பத்து நாளில் எந்த ரிவ்யூவரும் ஒரு அக்ரூவல் கட்டுரையை ஒழுங்காகப் படித்து முடிக்க மாட்டார். ஸ்கோப்பஸ் தளத்திலேயே ஐஎஸ்எஸ்என் என்ற இதழ் அடையாள எண்ணைப் போட்டு, எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வணிகவியல் ஜர்னல்களைத் தரம் பிரிக்கும் ஆஸ்திரேலியாவின் ஏபிடிசி பட்டியலில் எந்தத் தரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். ஜர்னல் தளத்துக்கு வாட்ஸ்அப் இணைப்பு வழியாகப் போகாமல் பதிப்பகத்தின் தளம் வழியாகப் போங்கள். போலித் தளங்கள் உண்டு. 2022 விதிமுறைப்படி ஆய்வேடு கொடுப்பதற்கு முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்று யுஜிசி கட்டாயப்படுத்தவில்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள்.

திருத்தி அனுப்பச் சொல்லி 14 பக்கக் கருத்து வந்திருக்கிறது. பதில் கடிதம் எப்படி இருக்க வேண்டும்?
— இணைப் பேராசிரியை, சயான்

முதலில் வாழ்த்துகள். 14 பக்கம் எழுதிய ரிவ்யூவர் உங்கள் கட்டுரையை மதித்திருக்கிறார். ஒவ்வொரு கருத்தையும் ஒரு சொல்கூட மாற்றாமல் அப்படியே எடுத்துப் போட்டு எண் கொடுங்கள். அதன் கீழே உங்கள் பதில், அதன் கீழே திருத்திய பத்தி, பக்க எண். "பக்கம் 12-இல் பார்க்கவும்" என்று மட்டும் எழுதி அவரைத் தேட விடாதீர்கள். ஒரு கருத்துக்குள் மூன்று கேள்வி இருந்தால் மூன்றாகப் பிரியுங்கள், ஒன்றை விட்டுவிட்டால் அதைத்தான் அடுத்த சுற்றில் கேட்பார்.

கேட்ட சோதனையைச் செய்து முடிவு பலவீனமாக வந்தால் அதையும் அட்டவணையாகக் காட்டிவிட்டு, ஏன் அப்படி என்று எழுதுங்கள். உடன்பாடில்லாத இடத்தில் காரணத்தோடு மறுக்கலாம், ஆனால் 40 கருத்தில் இரண்டு மூன்றுக்கு மேல் மறுத்தால் எடிட்டர் யோசிப்பார். இரண்டு ரிவ்யூவர்கள் எதிரெதிராகக் கேட்டிருந்தால் எடிட்டருக்குத் தனியாக எழுதும் முகப்புக் கடிதத்தில் எதைத் தேர்ந்தீர்கள் என்று சொல்லுங்கள். திருத்தத்தில் மாதிரி எண்ணிக்கை மாறியிருந்தால் சுருக்கம், முன்னுரை, அட்டவணைக் குறிப்பு, முடிவுரை நான்கிலும் பழைய எண் ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய எண்ணைத் தேடல் பெட்டியில் போட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். கெடு தாண்டும் என்று தெரிந்தால் கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பே நீட்டிப்புக் கேளுங்கள். கெடு முடிந்தபின் சில தளங்கள் அதைப் புதுக் கட்டுரையாக எடுத்துக்கொண்டு புது எண் கொடுத்துவிடும்.